இலையும் இறைச்சியும் மணமுடித்த சூப்

கடந்த இதழில் மழைக்காலச் சூப் வகைகளைப் பற்றி எழுதியபோது, இறைச்சி உருண்டைகள் போட்ட இத்தாலியச் சூப்பை ஒரேயொரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியை விளக்கச் சொல்லி வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிறைத்துவிட்டன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு பானையை மட்டும் அடுப்பில் ஏற்றுகிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): வணக்கம் அம்மா. பலெர்மோவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அங்கே தான் வேலை செய்யும் வீட்டில் கீரையும் சின்னச் சின்ன இறைச்சி உருண்டைகளும் மிதக்கும் சூப் செய்வார்கள் என்று சொன்னாள். உங்கள் குறிப்பைப் பார்த்ததும் நானும் முயன்றேன். அரைத்த மாட்டிறைச்சியோடு, கட்லட்டுக்குச் சேர்ப்பதுபோல அவித்த உருளைக்கிழங்கையும் இரண்டு பெரிய பம்பாய் வெங்காயத்தையும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, கொதித்துக்கொண்டிருந்த சூப்பில் போட்டேன். பாதி உருண்டைகள் கரைந்து சூப் கூழாகிவிட்டது. கரையாமல் நின்ற மீதிப் பாதி றப்பர் போல இருந்தது. என் பிழை எங்கே?

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது, தங்கையே. நீங்கள் செய்தது நல்ல கட்லட்டுக்கான கலவை. கட்லட்டுக்கு முட்டையும் ரஸ்க் தூளும் சேர்ந்து ஒரு சட்டை போட்டுவிடுகின்றன; கொதிக்கும் எண்ணெய் அந்தச் சட்டையை நொடியில் இறுக்கிவிடுவதால் உள்ளே உருளைக்கிழங்கு எவ்வளவு இளகி இருந்தாலும் வெளியே வராது. லம்பிரைஸ் பொதியைப் பிரிக்கும்போது சோற்றோடு கிடைக்கும் பிரிக்கடெல் உருண்டையும் அவ்வாறு தூளில் புரண்டு பொரிந்ததுதான். சூப்பில் போடும் உருண்டைக்கோ அப்படியொரு சட்டை கிடையாது. அவித்த கிழங்கு வெந்நீரில் கரையும். பச்சை வெங்காயம் தன் நீரை விட்டுக் கலவையைத் தளர்த்தும். அதற்கு மேல் துள்ளிக் கொதிக்கும் தண்ணீர் உருண்டைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு உடைக்கும். உடையாமல் தப்பியவை ஏன் றப்பராயின என்றால், இறைச்சியின் புரதம் அளவுக்கு மீறிய சூட்டில் சுருங்கித் தன் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிட்டது. அந்தச் சாற்றைப் பிடித்து வைக்க உள்ளே எதுவும் இருக்கவில்லை.

பிடித்து வைக்கும் பொருள் நம் எல்லோர் வீட்டிலும் காலையில் மிஞ்சிக் கிடக்கிறது: நேற்றைய பாண். ஓரம் நீக்கிய பாண் 60 கிராம் எடுத்து, ஏறத்தாழ 90 மில்லிலீற்றர் பாலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கையால் மசித்தால் களிபோல ஒன்று கிடைக்கும். இந்த மாவுப்பொருள் இறைச்சி இழைகளுக்கு இடையில் புகுந்துகொண்டு அவை ஒன்றையொன்று இறுகப் பற்றுவதைத் தடுக்கிறது. வெளியேற வேண்டிய சாற்றையும் தானே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இறைச்சி குறைவாகவும் பழைய ரொட்டி மிகுதியாகவும் இருந்த வீடுகளில் பிறந்த முறை இது என்றாலும், வசதி வந்த பின்பும் இத்தாலியர்கள் அதைக் கைவிடவில்லை. உருண்டையின் மென்மை அதிலேதான் இருக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள். ரஸ்க் தூளை அப்படியே கொட்டினால் இதே பலன் வராது. அது இறைச்சியின் நீரைக் குடித்து உருண்டையை இன்னும் வறட்டும்.

இனி ஆறு பேருக்கான அளவைச் சொல்கிறேன். அரைத்த இறைச்சி 400 கிராம். அதில் முக்கால் தேக்கரண்டி உப்பை மட்டும் முதலில் போட்டு, ஒரு நிமிடம், கையில் ஒட்டத் தொடங்கும் வரை பிசையுங்கள். உப்பு இறைச்சியின் புரதத்தில் ஒரு பகுதியைக் கரைத்துப் பசையாக்குகிறது. அந்தப் பசைதான் பின்னர் சூட்டில் இறுகி உருண்டையை உடையாமல் காக்கிறது. ஒட்டும் பதம் வந்த பிறகே மசித்த பாண், ஒரு முட்டை, துருவிய கடின சீஸ் 40 கிராம், நசுக்கிய ஒரு பல் உள்ளி, பொடியாக அரிந்த பார்ஸ்லி, மிளகுத்தூள், மூக்குக்கு எட்டும் அளவு சாதிக்காய் ஆகியவற்றைச் சேர்த்து, இம்முறை பிசையாமல் விரல்களால் கலந்து விடுங்கள். தொடக்கத்தில் பிசைவதும் பின்னர் பிசையாமல் விடுவதும் முரணாகத் தோன்றலாம். உடையாமைக்கு முதலாவது வேண்டும், மென்மைக்கு இரண்டாவது வேண்டும். வெங்காயம் வேண்டும் என்று மனம் கேட்டால், கால் வெங்காயத்தைத் துருவி நீரைப் பிழிந்துவிட்டுச் சேருங்கள்.

கொழும்பு அடுக்களைக்கு மட்டும் பொருந்தும் ஒரு படி இதில் உண்டு. எங்கள் வெக்கையில் இறைச்சிக் கொழுப்பு கையிலேயே உருகத் தொடங்கிவிடும். உருகிய கொழுப்போடு உருட்டிய உருண்டை வழுக்கும், பின்னர் பிளக்கும். ஆகவே கலவையை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஈரக் கையால் சிறிய நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள். ஒவ்வொன்றும் பத்துக் கிராம் இருக்குமாறு உருட்டினால் அறுபதுக்குச் சற்று மேல் வரும். வேலை அதிகம்தான், பிள்ளைகளை மேசைக்குக் கூப்பிட்டு உருட்டவிடுவதே நான் கண்ட ஒரே வழி. சூப் கரண்டியில் ஒரு வாய் அள்ளும்போது இரண்டு உருண்டையும் கொஞ்சம் கீரையும் சேர்ந்து வரவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு சிறிதாக உருட்டுகிறோம். எலுமிச்சம்பழ அளவில் உருட்டினால் அது வேறு உணவாகிவிடும். எல்லாவற்றையும் உருட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் வெந்நீரில் அவித்துச் சுவைத்துப் பார்ப்பதும் நன்று. உப்புக் குறைவென்றால் அப்போதே திருத்தலாம்.

சூப்பின் நீர் தனியே தயாராக வேண்டும். கோழியின் கழுத்து, முதுகெலும்பு, கால் ஆகியவை கலந்து ஒரு கிலோ எடுத்துக் கழுவி, இரண்டரை லீற்றர் குளிர்ந்த நீரில் போட்டு, பாதி வெங்காயம், ஒரு கரட், ஒரு துண்டு லீக்ஸ், செலரித் தண்டு, எட்டு மிளகு ஆகியவற்றோடு மிக மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம் வையுங்கள். முதல் அரை மணி நேரத்தில் மேலே திரளும் நுரையை அடிக்கடி அகற்ற வேண்டும். இந்த நீர் எந்தக் கட்டத்திலும் துள்ளக் கூடாது: துள்ளினால் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து நீரோடு கலந்து, பின்னர் எத்தனை முறை வடித்தாலும் தெளியாத கலங்கலைக் கொடுக்கும். உங்கள் சூப் கூழானதில் கிழங்குக்கு மட்டுமல்ல, இந்தத் துள்ளலுக்கும் பங்குண்டு. நேரமில்லாத நாளில் கடையில் விற்கும் சூப் கட்டியைக் கரைத்துச் செய்வோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கட்டியில் உப்பு மிகுதி என்பதால் உருண்டையில் உப்பைப் பாதியாக்குங்கள்.

வடித்த நீரை மறுபடி சூடாக்கி, விளிம்பில் மட்டும் சிறு குமிழிகள் வரும் நிலையில் உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி விடுங்கள். ஐந்து நிமிடம் கரண்டி போடாதீர்கள். எட்டு முதல் பத்து நிமிடத்தில் அவை வெந்து மிதக்கும். ஒன்றை வெட்டி நடுவில் சிவப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு, நறுக்கிய கீரையைப் போட்டு இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடலாம். சிலர் உருண்டைகளை எண்ணெயில் சிவக்க வதக்கிய பின் சூப்பில் இடுகிறார்கள். அதுவும் சுவைதான், ஆனால் வதக்கிய மணம் கோழிநீரின் மெல்லிய மணத்தை அமுக்கிவிடுவதால் நான் அதைச் செய்வதில்லை.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகர்): இந்தச் சூப்பை இணையத்தில் தேடினால் ‘இத்தாலியக் கலியாணச் சூப்’ என்று வருகிறது. இத்தாலியக் கலியாண வீடுகளில் உண்மையில் இதைப் பரிமாறுகிறார்களா?

பதில்: இல்லை, ஐயா. இங்கே கலியாணம் செய்வது கீரையும் இறைச்சியும். நாப்போலியிலும் அதைச் சூழ்ந்த கம்பானியா மாகாணத்திலும் ‘மினெஸ்த்ரா மரித்தாத்தா’ என்ற பழைய சூப் ஒன்று உண்டு. ‘மணமுடித்த சூப்’ என்பது அதன் பொருள். பல வகைக் கசப்புக் கீரைகளும் பன்றியிறைச்சித் துண்டுகளும் ஒரே நீரில் வெந்து ஒன்றுக்கொன்று இசைந்துபோவதையே அப்பெயர் குறிக்கிறது. அதை நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் சமைப்பது வழக்கம். அமெரிக்காவுக்குப் போன பின் ஆங்கிலத்தில் அது கலியாண வீட்டுச் சூப் என்று பொருள்படும்படி பெயர்க்கப்பட்டுவிட்டது. வெள்ளவத்தைச் சகோதரியின் உறவினர் பலெர்மோவில் அந்தப் பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

மக்கரோனிக்குப் பேர்போன நாப்போலி மக்களை, 17ஆம் நூற்றாண்டில் மக்கரோனி அங்கே எளிய மக்களின் உணவாகப் பரவும் வரை, மற்ற இத்தாலியர்கள் ‘இலை தின்னிகள்’ என்றே கேலி செய்துவந்தார்கள். அந்த இலை தின்னிகளின் சூப்தான் இது. 1880க்கும் 1920க்கும் இடையில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள், பெரும்பாலும் தென்னித்தாலியர்கள், அமெரிக்காவில் குடியேறினார்கள். ஊரில் கிடைத்ததைவிட அங்கே இறைச்சி மலிவாகக் கிடைத்தது. பழைய சூப்பில் கீரை குறைந்து, இறைச்சி உருண்டையாகி, குட்டிப் பாஸ்தாவும் சேர்ந்து இன்றைய வடிவம் வந்தது. ஆனால் சூப்பில் சிறு உருண்டைகள் போடுவது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடவேண்டாம். அப்ருஸ்ஸோ மாகாணத்தில் நத்தாருக்குச் செய்யும் சூப்பில் கடலைப் பருமனில் இறைச்சி உருண்டைகளைக் காணலாம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகி): எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. கோழியிலோ ஆட்டிறைச்சியிலோ செய்தால் சுவை கெடுமா?

பதில்: கெடாது, வேறாகும். கோழியில் செய்வதானால் நெஞ்சுச் சதையை மட்டும் அரைக்காதீர்கள், அது வறண்டுவிடும். தொடைச் சதையை எடுத்துச் சிறிது தோலோடு அரைக்கச் சொல்லுங்கள். அரைத்த கோழி மாட்டிறைச்சியைவிட இளகலாக இருக்கும்; பாலை 60 மில்லிலீற்றராகக் குறைத்து, கலவையைக் குளிரில் ஒரு மணி நேரம் வையுங்கள். கோழி உருண்டையின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில், வெட்டிய உருண்டை முழுவதும் வெளுத்து, கசியும் சாறு தெளிவாக இருப்பதை அடையாளமாகக் கொள்ளலாம். ஆட்டிறைச்சிக்குச் சாதிக்காயைத் தவிர்த்துவிட்டுக் கொஞ்சம் புதினாவும் தேசிக்காய்த் தோலின் துருவலும் சேருங்கள். அதன் கொழுப்பு ஆறும்போது உதட்டில் படியும் என்பதால் சூப்பைச் சுடச்சுடப் பரிமாற வேண்டும். எனக்குக் கேட்டால், கோழிநீரில் கோழி உருண்டையே பொருத்தம்.

இறைச்சியே வேண்டாம், முட்டை மட்டும் சாப்பிடுவோம் என்று எழுதிய இன்னொரு வாசகிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அப்ருஸ்ஸோவில், இறைச்சி வாங்க முடியாதவர்கள் பழைய ரொட்டியையும் சீஸையும் முட்டையையும் பிசைந்து உருட்டிச் செய்த ‘பல்லோத்தே’ என்ற உருண்டை உண்டு. அங்கே அதைத் தக்காளிக் குழம்பில் இடுவார்கள். நீங்கள் அதைப் பொரித்து, மரக்கறி அவித்த நீரில் பரிமாறும் நேரத்தில் போடலாம். சோயா இறைச்சியை ஊறவைத்து அரைத்துச் செய்தும் பார்த்தேன். பரிந்துரைக்க மனம் வரவில்லை.

கேள்வி (தெகிவளை வாசகி): நாங்கள் ஹலால் உணவையே உண்பவர்கள். இதில் சேர்க்கச் சொல்லும் பார்மிசான் சீஸை நாங்கள் பயன்படுத்தலாமா? விலையும் கையைக் கடிக்கிறது.

பதில்: கவனமான கேள்வி. இத்தாலியின் அசல் ‘பார்மிஜானோ ரெஜ்ஜானோ’ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே பாலைத் திரிக்க வேண்டும் என்பது அதன் உற்பத்தி விதி. ஆகவே அது உங்களுக்கு உகந்ததா என்பதை உங்கள் மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிவதே சரி. சுத்த சைவர்களுக்கும் அது பொருந்தாது. நுண்ணுயிரிலிருந்து எடுத்த உறைபொருளால் செய்யும் கடின சீஸ்களும் விற்பனைக்கு உண்டு. உறையில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், ஹலால் சான்றையும் அங்கேயே பாருங்கள். நன்கு முதிர்ந்த செடார் சீஸ் 30 கிராம் போதும், விலையும் தாங்கும். மென்மையான சதுரக் கட்டிகளாக வரும் பதனிட்ட சீஸை மட்டும் சேர்க்கவேண்டாம். அது உருண்டைக்குள் உருகி ஓட்டை விட்டு, சூப்பின் மேல் எண்ணெயாய் மிதக்கும். அசல் பார்மிசான் வாங்குவோர் அதன் கடினமான ஓரத்தை எறிந்துவிடாமல் கழுவிச் சூப் நீரில் அரை மணி நேரம் போட்டு எடுத்தால், கொடுத்த காசுக்கு இன்னொரு முறை பயன் கிடைக்கும்.

கேள்வி (வத்தளை வாசகர்): சமையற்குறிப்புகளில் சொல்லும் ‘எஸ்கரோல்’ என்ற இலை கொழும்பில் எங்கும் அகப்படவில்லை. பதிலுக்கு எது?

பதில்: அதைத் தேடி அலையவேண்டாம். எஸ்கரோல் சிக்கரி இனத்து இலை. சலாது இலையின் தோற்றமும் இளங்கசப்பும் கொண்டது. நமக்கு வேண்டியது அந்தக் கசப்பும், வெந்த பின்னும் சற்றே கடிபடும் தன்மையும். பசளியை மட்டும் போட்டால் வழவழப்பு மிகும், கசப்பும் இராது. வல்லாரையோ சூப் முழுவதையும் தன் மணத்தால் ஆளும். நான் நெடுநாள் முயன்று நிலைகொண்ட சேர்க்கை இது: நுவரெலியாக் கோவாவின் வெளிப்புறப் பச்சை இலைகள் இரண்டு பங்கு, பொன்னாங்காணி ஒரு பங்கு. கோவாவை மெல்லிய கீற்றாக அரிந்து உருண்டைகள் போடுவதற்கு முன்பே நீரில் விட்டு, பொன்னாங்காணியைக் கடைசியில் தூவுங்கள். நாப்போலிக்காரர் ஒரே பானையில் நாலைந்து வகை இலைகளைக் கலப்பவர்கள் என்பதால் இதில் மரபு மீறல் ஒன்றுமில்லை. கங்குன் கிடைத்தால் இலையை மட்டும் எடுங்கள். தண்டு இந்தச் சூப்பில் ஒட்டவில்லை.

கேள்வி (மட்டக்குளி வாசகி): இரவு செய்த சூப்பைக் காலையில் பார்த்தால் நீரே இல்லை, பாஸ்தா எல்லாவற்றையும் குடித்துவிட்டது. அதைச் சாப்பிடலாமா?

பதில்: எனக்கும் முதன்முறை இதுதான் நடந்தது, மூடியைத் திறந்தபோது கரண்டி நேராக நின்றது. பாஸ்தா ஆறிய பிறகும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே அதை எப்போதும் வேறு பாத்திரத்தில் உப்பு நீரில் அவித்து வடித்து, பரிமாறும்போது ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு மேசைக்கரண்டி இட்டு, மேலே சூப்பை ஊற்றுங்கள். இதற்குரிய பாஸ்தா ‘ஆச்சினி தி பேப்பே’; மிளகு மணி என்று பொருள், அளவும் அவ்வளவே. கிடைக்காவிட்டால் சேமியாவைப் பொடியாக உடைத்து அவித்துக்கொள்ளலாம்.

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு, பானை இரவு எங்கே இருந்தது என்பதே விடை சொல்லும். அடுப்பின் மேலேயே இருந்திருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மறுபடி கொதிக்கவைப்பதால் எல்லா நஞ்சும் அழியாது. சமைத்த சூப்பை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரூட்ட வேண்டும், வெக்கை 32 பாகையைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள். பெரிய பானையை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளினால் அதன் நடுப்பகுதி நெடுநேரம் இளஞ்சூட்டிலேயே கிடக்கும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறவிட்டு உள்ளே வையுங்கள். மூன்று நாள் தாங்கும். உருட்டிய பச்சை உருண்டைகளைத் தட்டில் பரப்பி உறையவைத்துப் பின் பையில் போட்டு வைத்தால், விருந்தாளி திடீரென்று வரும் நாளில் கைகொடுக்கும். உறைந்தபடியே சூப்பில் இறக்கி, நாலைந்து நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள்.

கேள்வி (பொரளை வாசகர்): கொஞ்சம் தேங்காய்ப்பாலும் மிளகாய்த்தூளும் விட்டால் நம் வாய்க்கு ஏற்றதாகாதா?

பதில்: ஆகும், ஐயா, ஆனால் அது உருண்டைக் குழம்பு ஆகும். தெளிந்த நீரில் கீரையின் கசப்பையும் இறைச்சியின் இனிப்பையும் தனித்தனியே சுவைப்பதற்காகத்தான் இரண்டு மணி நேரம் தீயை அடக்கி வைத்தோம். தேங்காய்ப்பால் அந்த உழைப்பை மூடிவிடும். காரம் வேண்டுமென்றால் புதிதாக இடித்த மிளகை மேலே தூவுங்கள். புளிப்பு வேண்டுமென்றால் கோப்பையில் நாலு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு. இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால், ஒரு முட்டையை ஒரு மேசைக்கரண்டி சீஸோடு அடித்து, அடுப்பை அணைப்பதற்கு முன் சூப்பைச் சுழலவிட்டு நூலாக ஊற்றுங்கள். ரோமில் ‘ஸ்த்ராச்சத்தெல்லா’ என்ற சூப்பை இப்படித்தான் செய்கிறார்கள். கூடவே, மிஞ்சிய பாண் துண்டை நெருப்பில் வாட்டி, வெட்டிய உள்ளியால் ஒருமுறை தேய்த்து வையுங்கள்.